மில் இரும்பை எல்லாம் சேர்த்து ஒரே விலைக்குப் பேசாதீர்கள்

கன்னியாகுமரி ஜில்லாவில் திருவட்டாறு பக்கம் அப்பா நடத்திய நெல்லு மில் நின்று பதினாறு வருஷமாகிறது. ஷெட்டில் பாதி ஓடு விழுந்துவிட்டது. உள்ளே நெல் குத்தும் ஹல்லர் இரண்டு, மெஷின்களைச் சுழற்ற மேலே சுவரோடு ஓடும் சாஃப்ட் என்ற நீள இரும்புத் தண்டு, அதில் பெல்ட் மாட்டும் புல்லிச் சக்கரம் ஐந்து, ஒரு பத்து ஹெச்.பி. மோட்டார், நெல் அவிக்கும் இரும்புத் தொட்டி. பக்கத்துச் சாய்ப்பில் ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் இரண்டு. சவுதியிலிருந்து தம்பி போனில், "அக்கா, அந்தச் சவத்தை ஆக்கர்காரனுக்குக் குடுத்துட்டு இடத்தைச் சுத்தமாக்கு" என்றான். ஆக்கர் என்றால் எங்கள் ஊரில் பழைய இரும்பு. இரண்டு நாள் வேலை என்று நினைத்தேன். பதினோரு நாள் ஆனது.

முதலில் வந்த வியாபாரி ஷெட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "எல்லாம் சேத்து ஒரு விலை அக்கா, நாங்களே அறுத்து எடுத்துக்கிடுவோம்" என்றார். நல்ல மனுஷன் என்று முற்றத்தில் கிடந்த, சாஃப்டைத் தாங்கும் பழைய பேரிங் கட்டைகளை அந்தக் கணக்கில் கொடுத்துவிட்டேன். மறுநாள் சாஃப்டில் மிச்சமிருந்த ஒரு கட்டையைக் கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கறுத்து இறுகிய கிரீஸை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால், உள்ளே மஞ்சளாக மின்னுகிறது. கட்டைக்குள் சாஃப்ட் சுழலும் புஷ் என்ற வளையம் கன்மெட்டல், அதாவது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். அவர் வாங்கிப் போன ஒவ்வொரு கட்டையிலும் அது இருந்திருக்கும். கன்மெட்டலை இரும்பு விலைக்குக் கொடுத்த பெருமை எனக்கு. பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருந்தால் தின்னவாவது செய்திருக்கலாம்.

அதனால் வியாபாரியைக் கூப்பிடும் முன்பே பிரித்து வையுங்கள். பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தம் ஒன்று போதும். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் செம்பு, பித்தளை, அலுமினியம், சிலவகை எவர்சில்வர். இவற்றைத் தனிச் சாக்கில் கட்டி வீட்டுக்குள் வைத்துப் பூட்டுங்கள். மோட்டாரின் சுற்றுக்கம்பியும் எப்போதும் செம்பாக இருக்காது. வார்னிஷைக் கத்தியால் சுரண்டி, உள்ளே சிவப்பா வெள்ளையா என்று பாருங்கள், வெள்ளை என்றால் அலுமினியம். கேபிளைக் கொளுத்திச் செம்பு எடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். அந்தப் புகை விஷம், கருகிய செம்புக்கு விலையும் குறைவு.

இரும்பிலும் இரண்டு ஜாதி. ஹல்லரின் உடம்பு, புல்லி, ரோலரின் சட்டம் எல்லாம் வார்ப்பிரும்பு. சாஃப்ட், தொட்டி, ஆங்கிள், போல்ட் எல்லாம் எம்.எஸ்., அதாவது மைல்டு ஸ்டீல் என்ற சாதாரண எஃகு. சந்தேகம் வந்தால் கிரைண்டரை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். எம்.எஸ்.ஸில் பொறி நீளமாக, வெளிச்சமாகப் பறக்கும். வார்ப்பிரும்பில் குட்டையாக, சிவந்து அடங்கும். இரண்டுக்கும் விலை வேறு, போகிற இடமும் வேறு. வார்ப்பிரும்பு கோயம்புத்தூர் போன்ற ஊர்களின் பவுண்டரிகளில் உருகி மறுபடி வார்ப்பாகிறது. எம்.எஸ். உலைக்குப் போய்க் கம்பியாகிறது. உலைக்குப் போகும் இரும்பில் செம்பு கலந்துவிட்டால் அதைப் பிரித்தெடுக்கவும் முடியாது, சூட்டில் உருட்டும்போது எஃகு வெடிப்பு விடும். நாம் பிரித்துக் கொடுப்பது நம் பைசாவுக்காக மட்டும் அல்ல என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு டன் பழைய இரும்பு 1.1 டன் இரும்புத் தாதையும் 630 கிலோ நிலக்கரியையும் மிச்சப்படுத்துகிறது என்று மத்திய அரசின் 2019 இரும்புக் கழிவுக் கொள்கை சொல்கிறது.

இன்னும் ஓடக்கூடிய மெஷினை இரும்பாகப் பார்க்கவே கூடாது. ரப்பர் பாலை அப்படியே விற்பவர்களும் சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பாலாக விற்பவர்களும் கூடிவிட்டார்கள். ஆனாலும் ஷீட் அடிப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். எங்கள் ரோலர் இரண்டையும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, கையால் சுற்றிக் காட்டினேன். கடையாலுமூடு பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்து, ஆக்கர் விலையைப் போல மூன்று மடங்கு கொடுத்து எடுத்துப் போனார்.

அடுத்தது எடைக் கணக்கு. எத்தனை கிலோ வரும் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் வியாபாரி சொல்வதுதான் எடை. உருண்டைக் கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். எங்கள் சாஃப்ட் 50 மில்லிமீட்டர். 2500-ஐ 162-ஆல் வகுத்தால் மீட்டருக்குப் பதினைந்தரைக் கிலோவை ஒட்டி வருகிறது. ஆறு மீட்டருக்குச் சுமார் 93 கிலோ. "எழுபது தேறும் அக்கா" என்றவரிடம் இதைத் தாளில் போட்டுக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. தகடு என்றால் ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 7.85 கிலோ. துரு தின்ற இடத்துக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு நல்ல காலம் தை, மாசி. நம் ஜில்லாவில் ஆனி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஈர மண்ணில் வண்டி இறங்கினால் அதைத் தூக்க இன்னொரு வண்டி வேண்டும். ஆனால் தை, மாசியில்தான் ரப்பர் இலையும் உதிர்ந்து விளை, அதாவது தோட்டம், முழுக்கக் காய்ந்து கிடக்கும். கேஸ் நெருப்பால் இரும்பை அறுக்கும் கேஸ் கட்டிங் நடக்கும் இடத்தைச் சுற்றி நன்றாகப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, இரண்டு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வையுங்கள். கட்டிங் முடிந்து ஒரு மணி நேரமாவது அங்கேயே நில்லுங்கள்.

மெஷினைத் தொடும் முன் ஈ.பி. இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். நின்றுபோன மில் என்று நம்பக் கூடாது. குவியலில் கை வைக்கும் முன் நீளக் கம்பால் தட்டிவிடுங்கள். எங்கள் தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு கட்டுவிரியன் நிதானமாக வெளியே வந்தது. டி.டி. ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டிங்கில் மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். மூடிய பீப்பாயை அறுக்கவே கூடாது. அடியில் ஒரு கரண்டி டீசல் இருந்தாலும் சூட்டில் ஆவியாகி வெடிக்கும். மூடியைத் திறந்து அப்படியே விற்றுவிடுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பைக் கேஸால் அறுத்தால் வருகிற வெள்ளைப் புகை துத்தநாகம். அதை மூச்சில் இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் மாதிரி ஆட்டும். அதை ரம்பத்தாலேயே அறுக்கலாம். மேலே தொங்கும் சாஃப்டை மேலேயே வைத்து அறுக்கக் கூடாது. பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கில் கட்டி, பாரத்தை அது வாங்கிய பிறகே போல்ட்டைக் கழற்ற வேண்டும். செயின் பிளாக்கை ஓட்டுக்கூரையின் உத்தரத்தில் மாட்டாமல், பைப்பில் முக்காலி கட்டி மாட்டுங்கள். இறுகிய போல்ட்டுக்கு முந்தின ராத்திரியே டீசல் விட்டு வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வார்ப்பிரும்பை அறுப்பதைவிட உடைப்பது சுலபம். நனைந்த சாக்கைப் போர்த்திச் சம்மட்டியால் அடித்தால் பிளந்துவிடும். கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது, சில்லு பறக்கும்.

எங்கள் முடுக்கில் குட்டியானை மட்டும்தான் நுழையும். அதில் முக்கால் டன்னுக்கு மேல் ஏற்ற முடியாது. மூன்று நடை ஆனது. ஷெட்டிலிருந்து முடுக்கு வரை ஒன்றரை இஞ்சு பைப் மூன்றை அடியில் போட்டு, கடப்பாரையால் நெம்பி உருட்டினோம். இறக்கத்தில் பின்பக்கம் கயிறு கட்டி இரண்டு பேர் பிடிக்க வேண்டும். கழற்றிய ஒரு புல்லிக்கு அது தேவையில்லை என்று நினைத்தோம். சுமட்டுக்காரர் கை விட்டதும் அது உருண்டு, இரண்டு வாழையைச் சாய்த்து, கால்வாய்ப் படியில் இடித்து நின்றது. படியில் துணி துவைக்க யாரும் இல்லாத நேரம். அதன் பிறகு புல்லியைப் படுக்க வைத்துத்தான் இழுத்தோம்.

எடை போடும்போது கூடவே போங்கள். வண்டியோடு எடை போடும் வே பிரிட்ஜில் முதலில் காலி வண்டி, பிறகு லோடு வண்டி. காலி எடையின்போது டிரைவர், கிளீனர், தண்ணீர்க் கேன், ஜாக்கி எல்லாம் வண்டியில் இருந்து, லோடு எடையின்போது இறங்கிவிட்டால் அத்தனை கிலோவும் உங்கள் இரும்பின் எடையில் குறைந்துவிடும். கடையிலுள்ள தட்டுத் தராசு என்றால், முதலில் நீங்கள் ஏறி நின்று உங்கள் எடையைப் பாருங்கள். தட்டு சுவரில் உரசுகிறதா என்றும் பாருங்கள். எங்கள் இரண்டாவது நடையில் உரசியது. காலி, லோடு இரண்டு எடைச் சீட்டையும் வாங்கி வையுங்கள்.

மிச்சம் சில்லறை வேலை. பழைய கியர் ஆயிலைக் கிணற்றடியில் ஊற்றிவிடாதீர்கள். ஆயில் சேகரித்து அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். பழைய பேட்டரியைப் பேட்டரிக் கடையில் திருப்பிக் கொடுங்கள். ஓடாத வண்டி ஏதாவது நின்றால் அதை ஆக்கரில் போடாமல், பதிவுபெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி ஆர்.சி.யை ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் வண்டி போன பிறகும் காகிதத்தில் அது உங்கள் தலையில்தான்.

கடைசி நாள் அந்த ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி ஷெட் முழுக்க இழுத்தேன். ஆணியும் உடைந்த வாஷருமாக ஒன்றரைக் கிலோ ஒட்டியது. அந்த வழியாகத்தான் விடியக்காலையில் ரப்பர் பால்வெட்டுகிறவர் செருப்பில்லாமல் நடந்து போவார்.