பழைய பியானோ பதிவுகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இசையமைப்பாளர் ஷோபானின் இரண்டாவது பியானோ சொனாட்டாவை (பல பகுதிகள் கொண்ட இசைப்படைப்பு) பியானோ கலைஞர் ராக்மனினோஃப் 1930-இல் பதிவு செய்தார். இன்னொரு பியானோ கலைஞர் ஆல்ஃபிரெட் கோர்டோ பதிந்தது 1933-இல். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்பவர்களில் பலர் சில நிமிடங்களிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: கோர்டோ தப்பும் தவறுமாக வாசிக்கிறார், அவ்வளவுதான்.

தப்புச் சுரங்கள் இருப்பது உண்மைதான். ஆனால் அன்று ஒலிநாடாவை வெட்டி ஒட்டிப் பிழையை நீக்கும் வசதி கிடையாது. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நாலு, நாலரை நிமிடம் அடங்கும். நடுவில் எங்கே பிசகினாலும் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும். நாடா வந்த பிறகு செய்த பதிவு, பல வாசிப்புகளின் நல்ல பகுதிகளைச் சேர்த்ததாக இருக்கலாம். அந்தச் சுத்தத்தை அளவுகோலாக வைத்துக் கோர்டோவைக் குறை சொல்வது அநியாயம்.

அடுத்தது, எழுதியபடி வாசிக்காததை எல்லாம் பிழை என்று எண்ணுவது. அதே சொனாட்டாவின் இறுதி ஊர்வலப் பகுதியைக் கேளுங்கள். நடுவில் வரும் மென்மையான பகுதி முடிந்து ஊர்வல இசை திரும்பும்போது, அது தாழ்ந்த ஒலியில் தொடங்க வேண்டும் என்றுதான் ஷோபான் எழுதியிருக்கிறார். ராக்மனினோஃப் முழு பலத்தோடு இறங்குகிறார். அங்கிருந்து ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போய், ஊர்வலம் நம்மைக் கடந்து தொலைவில் மறைவதுபோல் முடிக்கிறார். இது அவருக்கு முந்தைய தலைமுறையின் பியானோ கலைஞர் அன்டன் ரூபின்ஸ்டைனிடமிருந்து வந்த வழக்கம். இன்னொரு பழைய கலைஞர் படெரெவ்ஸ்கியின் இடது கை வலது கையைவிட ஒரு கணம் முந்துவதும் இப்படித்தான். அந்தக் காலத்தில் அதுவும் ஓர் அழகு.

இரைச்சலும் ஏமாற்றும். பழைய தட்டைப் புதிய வடிவத்துக்கு மாற்றி வெளியிடுபவர்களில், ஒரே பதிவை ஒருவர் இரைச்சலோடு விட்டிருப்பார், இன்னொருவர் அதை அழிக்கிறேன் என்று பியானோவின் பளிச்சென்ற மேல் ஒலியையும் சேர்த்து அழித்திருப்பார். இரண்டாவதைக் கேட்டுவிட்டு "இவர் தொடுகை மந்தம்" என்று சொன்னால், குறை வாசித்தவர் மேல் விழுகிறது. வேகமும் அப்படியே. 78 சுற்றுத் தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதியப்பட்டவை அல்ல. மாற்றும்போது வேகம் கூடிவிட்டால் சுருதியும் ஏறும், வாசிப்பும் பரபரப்பாகக் கேட்கும். பக்கத்தில் கீபோர்டு இருந்தால் சுருதியைத் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

வெல்ட்-மினியோன் போன்ற, தானே இயங்கும் பியானோவுக்கான துளையிட்ட காகிதச் சுருள்களை இசைத்தட்டோடு ஒரே வரிசையில் வைக்கவே கூடாது. இசையமைப்பாளர் டெபுசி சுருளில் பதிந்தவை கிடைக்கின்றன, கேட்க வேண்டியவையும்கூட. ஆனால் அங்கே ஒலிப்பது வேறொரு பியானோ. எந்தச் சுரம் எவ்வளவு பலமாக வர வேண்டும் என்பதை இயந்திரம்தான் திரும்ப உண்டாக்குகிறது.

மொத்த நேரத்தை மட்டும் பார்ப்பதும் உதவாது. பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் வாசித்த பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் (ஒரே இசையின் பல மாறுபாடுகள்) 1955-இல் சுமார் 38 நிமிடம், 1981-இல் சுமார் 51. ஆனால் முதல் பதிவில் அவர் எதையும் திரும்ப வாசிக்கவில்லை, இரண்டாவதில் சில மாறுபாடுகளின் முதல் பாதியைத் திரும்ப வாசிக்கிறார்.

அப்புறம், பெயர். பியானோ கலைஞர் தினு லிபாட்டி வாசித்ததாக வெளிவந்த, ஷோபானின் முதல் பியானோ கான்செர்ட்டோ (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு), உண்மையில் ஹலினா செர்னி-ஸ்டெஃபான்ஸ்கா வாசித்தது என்று 1981-இல் தெரியவந்தது. அதுவரை உலகமே அதை லிபாட்டி என்று நம்பித்தான் கேட்டது. முடிந்தால் ஒரே பகுதியின் நாலைந்து பதிவுகளை, யார் வாசித்தது என்று சொல்லாமல் வேறொருவரைப் போடச் சொல்லுங்கள். கேட்டதை எழுதி வைத்த பிறகு பெயரைப் பாருங்கள்.