ஊர்க் கிணறுகளை அளப்பதும் ஊராரிடம் கேட்பதும்: நிலத்தடி நீர்க் கள ஆய்வுக்கு ஒரு கையேடு

ஓர் ஊரின் நிலத்தடி நீரை ஆராயப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. டேப்பையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு போய், கிணற்றுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்புகிற புவியியல் மாணவர் ஒரு வகை. 60 கேள்வி அடித்த தாளோடு போய், கிணற்றை எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்புகிற சமூகவியல் மாணவர் இன்னொரு வகை. இருவர் கையிலும் இருப்பது பாதிக் கணக்குதான். காலை 6 மணிக்கு அளந்த நீர்மட்டமும் மோட்டார் நின்று அரை மணி நேரத்தில் அளந்த நீர்மட்டமும் வேறு வேறு. மோட்டார் எப்போது நின்றது என்பதை டேப் சொல்லாது, ஆள்தான் சொல்ல வேண்டும்.

முதுகலை ஆய்வுக்கு ஓர் ஊர், 30 முதல் 40 கிணறு போதும். இரண்டு பேர் போனால் ஒரு நாளைக்கு 10 கிணறு முடிக்கலாம். அதற்கு மேல் ஓடினால் பேச்சு கெட்டுப்போகும்.

எப்போது அளப்பது

மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது: ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். நான்கும் முடியாது என்றால் மே, ஜனவரி இரண்டையும் விடாதீர்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் கிணற்றை நிரப்புகிறது. மே கோடையின் அடிமட்டத்தைக் காட்டும், ஜனவரி மழைக்குப் பிந்தைய நிலையைக் காட்டும். ஒரு சுற்றை நான்கைந்து நாளில் முடித்துவிடுங்கள். நடுவில் நல்ல மழை பெய்துவிட்டால் முதல் நாள் அளவையும் கடைசி நாள் அளவையும் ஒரே பட்டியலில் வைக்க முடியாது.

எந்தக் கிணறுகள்

கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கல் என்ற சாகுபடிப் பதிவேட்டில் தொடங்கலாம், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. புதிதாகப் போட்ட போர்கள் அதில் ஏறாமல் இருக்கும், தூர்ந்த கிணறு இன்னும் பாசனக் கிணறாகவே நிற்கும். ஒரு நாள் முழுக்க ஊரை நடந்து சுற்றி எல்லாக் கிணற்றுக்கும் எண் போடுங்கள். பிறகு ஏரிக்குக் கீழே உள்ளவை, மேட்டுக்காட்டில் உள்ளவை, ஓடைக்கரையில் உள்ளவை என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் சீட்டுக் குலுக்கி எடுங்கள். தார் ரோட்டோரக் கிணறுகள் மட்டுமே மாதிரியில் வந்து விழுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஊரை மட்டும் அளந்துவிட்டு காலனியை விடுவது அதைவிடப் பெரிய தவறு. குடிதண்ணீருக்கு எந்தக் குழாய், எந்தக் கிணறு என்ற கேள்விக்கு அங்கே வேறு பதில் கிடைக்கும்.

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப்பாறை. பாறையில் நீர் வெடிப்புகளில்தான் நிற்கும், ஓடும். ஒரு வரப்பு தள்ளியிருக்கும் இரண்டு கிணறுகளில் ஒன்று ஊறும், மற்றது வறண்டு கிடக்கும். ஆகவே 'இந்தப் பக்கம் ஒன்று அளந்தாயிற்று, போதும்' என்று அடுத்ததை விடாதீர்கள்.

பாழுங்கிணற்றையும் வற்றிய கிணற்றையும் பட்டியலில் வைத்தே தீர வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. பத்துக் கிணறு. போன மே மாதம் ஏழில் நீர்மட்டம் 8 மீட்டர் ஆழத்தில், மூன்றில் 13 மீட்டர் ஆழத்தில். சராசரி 9.5. இந்த மே மாதம் அந்த ஏழும் 9 மீட்டருக்கு இறங்கிவிட்டன. மற்ற மூன்றும் வற்றிவிட்டன. 'தண்ணீர் இல்லை, அளக்க முடியவில்லை' என்று விட்டுவிட்டீர்கள். சராசரி 9. பத்துக் கிணற்றிலும் தண்ணீர் இறங்கியிருக்க, உங்கள் அட்டவணை அரை மீட்டர் ஏறியதாகச் சொல்லும். வற்றிய கிணற்றுக்கு அடித்தரை ஆழத்தை எழுதி, பக்கத்தில் 'வறண்டது, நீர்மட்டம் இதற்கும் கீழே' என்று குறியுங்கள். சராசரிக்குப் பதிலாக நடுமதிப்பையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) வற்றிய கிணறுகளின் எண்ணிக்கையையும் கொடுங்கள்.

நீர்மட்டம் அளத்தல்

மோட்டார் ஓடுவதற்கு முன், விடியற்காலையில் போவது நல்லது. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது வந்ததும் ஊர் முழுக்க மோட்டார் ஓடும்.

துணி டேப் வேண்டாம், நனைந்தால் நீளும். இரும்பு டேப்பின் நுனியில் சிறு எடை கட்டி, கடைசி ஒரு மீட்டருக்கு சாக்பீஸ் தடவுங்கள். கைப்பிடிச் சுவரில் டேப் பாறையில் உரசாமல் நேராகத் தொங்கும் இடம் பார்த்து, பெயிண்டால் ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த சுற்றிலும் அதே புள்ளிதான். டேப்பை இறக்கி, ஒரு முழு மீட்டர்க் குறியைப் புள்ளியில் பிடியுங்கள். 12.00-ஐப் பிடித்தீர்கள், மேலே எடுத்துப் பார்த்தால் சாக்பீஸ் 0.46 வரை நனைந்திருக்கிறது என்றால், புள்ளியிலிருந்து தண்ணீர் 11.54 மீட்டரில். சுவரின் உயரம் 0.95. தரையிலிருந்து நீர்மட்டம் 10.59 மீட்டர். இந்த ஐந்து எண்ணையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். கழித்து வந்த விடையை மட்டும் எழுதியவர், சுவரை இரண்டு முறை கழித்தோமா, கழிக்கவே இல்லையா என்று வீட்டுக்கு வந்து முழிப்பார்.

பத்து நிமிடம் விட்டு மறுபடி அளங்கள். இரண்டும் 2 சென்டிமீட்டருக்குள் ஒத்தால் சரி. மட்டம் ஏறிக்கொண்டே இருந்தால் கிணறு இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது; அது ஊறி முடிந்து நிற்கும் நிலைமட்டம் அல்ல.

போர்வெல்லில் டேப்பை விடாதீர்கள். பைப்புக்கும் கேபிளுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டால் மோட்டாரையே தூக்க வேண்டி வரும், செலவு உங்கள் தலையில். மூடியில் அளவுத்துளை இருந்தால், நுனி தண்ணீரைத் தொட்டதும் காட்டிக்கொடுக்கும் மின்னுணர் டேப்பை விடலாம். இல்லையென்றால் கேட்டுப் பதிவு செய்வதுதான் வழி. 'எத்தனை அடி போர்?' என்பதற்குப் பல நேரம் சுற்று எண்ணில் பதில் வரும். 'எத்தனை பைப் இறக்கியிருக்கு, ஒரு பைப் எத்தனை அடி?' என்று கேளுங்கள். இறக்கிய பைப்புக்குக் காசு கொடுத்தவருக்கு அந்தக் கணக்கு மறக்காது.

கைவிடப்பட்ட கிணற்றுக்குள் எதற்காகவும் இறங்காதீர்கள். உள்ளே ஆக்சிஜன் குறைந்து கிடக்கும். மூச்சுத் திணறி விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் உண்டு.

தண்ணீர் மாதிரி

நீர்மட்டம் அளந்த பிறகுதான் மோட்டாரைப் போடச் சொல்ல வேண்டும். போர் என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மீட்டரில் மின்கடத்துதிறன் பாருங்கள்; கரைந்த உப்பு கூடக் கூட அது கூடும். அடுத்தடுத்த மூன்று அளவு ஏறக்குறைய ஒன்றாக வந்ததும் பாட்டிலைப் பிடியுங்கள். பாலித்தீன் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் நிரப்புங்கள். நைட்ரேட் பார்ப்பதானால் ஐஸ் பெட்டியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுத்துவிட வேண்டும். உலோகங்கள் பார்க்கத் தனி பாட்டில், அதில் நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். நைட்ரிக் அமிலத்திலேயே நைட்ரேட் இருக்கிறது; அமிலம் விட்ட பாட்டிலை நைட்ரேட்டுக்குக் கொடுத்தால் முடிவு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மின்கடத்துதிறன் மீட்டரைத் தினமும் காலையில் 1413 மைக்ரோசீமென்ஸ் (மின்கடத்துதிறனின் அலகு) கரைசலில் சரிபாருங்கள். கடையில் கிடைக்கும் டி.டி.எஸ். (மொத்தக் கரைந்த உப்பு) பேனா உப்பை நேரடியாக அளப்பதில்லை. மின்கடத்துதிறனை அளந்து ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. அந்த எண் ஒரு பேனாவில் 0.5, இன்னொன்றில் 0.7. ஆக 1600 மைக்ரோசீமென்ஸ் தண்ணீர் ஒன்றில் 800 காட்டும், மற்றதில் 1120 காட்டும். மின்கடத்துதிறனையே எழுதுங்கள், பெருக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பத்து மாதிரிக்கு ஒன்றை இரட்டையாக எடுத்து, வேறு எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முடிவு வந்ததும் நேர் அயனிகளையும் எதிர் அயனிகளையும் மில்லிசமான அலகில் (மின்னேற்றத்தைக் கணக்கில் கொண்ட அலகு) தனித்தனியே கூட்டிப் பாருங்கள்; இரண்டும் சமமாக வர வேண்டும். வித்தியாசம் 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 10-ஐத் தாண்டினால் அந்த மாதிரியைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

கேட்பது

'தண்ணி குறைஞ்சிடுச்சா?' என்று கேட்டால் 'ஆமா' என்றுதான் பதில் வரும். கேட்டவர் மானியக்காரரோ, கரண்ட் ஆபீஸ்காரரோ என்ற சந்தேகமும் அந்த 'ஆமா'வில் இருக்கும். முதலிலேயே நீங்கள் யார், எந்தக் கல்லூரி, இதனால் அவருக்கு மானியமும் வராது, கரண்ட் மீட்டரும் வராது என்று சொல்லிவிடுங்கள். கையெழுத்துக் கேட்டால் பலர் பின்வாங்குவார்கள். வாய்மொழி ஒப்புதலும் சாட்சியும் போதுமா என்பதை உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் புறப்படும் முன்பே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அளக்கக்கூடிய பதில் வரும்படி கேளுங்கள்: 'சித்திரையில மோட்டார் போட்டா எவ்வளவு நேரம் இறைக்கும்? நின்னுபோனா மறுபடி ஊற எவ்வளவு நேரம்?' இதே கேள்வியைத் தை மாதத்துக்கும் கேளுங்கள். மழைக்குப் பின் 5 மணி நேரம் இறைத்த கிணறு கோடையில் 40 நிமிடம் இறைக்கிறது என்பது நீங்கள் இரண்டு முறை அளந்த நீர்மட்டத்துக்கு உரைகல்.

ஆண்டு கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. 'கிணத்த ஆழப்படுத்துனது சுனாமிக்கு முன்னாடியா, பின்னாடியா? நோட்டு செல்லாமப் போன வருஷமா?' என்று நிகழ்ச்சிகளோடு கோத்துக் கேளுங்கள். 2016 இறுதியில் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த ஆண்டு வந்த வறட்சி பல ஊர்களுக்கு நல்ல அடையாளக்கல். ஆழம் அடியில் சொல்வார்கள், 'ரெண்டு ஆள் ஆழம்' என்றும் சொல்வார்கள். சொன்ன சொல்லை அப்படியே எழுதி, பக்கத்தில் மீட்டராக்குங்கள். 37 அடி 7 அங்குலத்தை 37.7 என்று கணினியில் ஏற்றுவது எல்லாக் குழுவிலும் யாராவது ஒருவர் செய்வது, அது 37.58.

பட்டாதாரரோடு மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். பங்குக் கிணறு என்றால் பங்காளிகளில் இன்னொருவரிடமும் முறை எப்படி என்று கேளுங்கள்; இரண்டு பதில் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். தண்ணீர் உப்பேறியது எப்போது என்பதைச் சோறு வடிக்கிறவரும் பருப்பு வேகவைக்கிறவரும்தான் முதலில் கவனித்திருப்பார்கள்.

திருப்பிக் கொடுப்பது

ஆய்வேட்டில் கிணற்றின் இருப்பிடத்தைத் துல்லியமாகப் போட்டால், பெயரை மறைத்தும் பயனில்லை. ஊரில் கிணற்றைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. அட்சரேகை, தீர்க்கரேகையை இரண்டு தசம இடத்தோடு நிறுத்துங்கள். அது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வட்டம்.

ஒவ்வொரு கிணற்றுக்காரருக்கும் அவர் கிணற்று முடிவை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். பக்கத்தில் ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தின் அளவும் இருக்கட்டும்: ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை, நைட்ரேட் 45, இதற்குத் தளர்வு கிடையாது. தாளை வாங்கியதும் 'கொதிக்கவச்சுக் குடிச்சா சரியாயிடுமா?' என்று கேட்பார்கள். கிருமி சாகும், ஃபுளோரைடும் நைட்ரேட்டும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும் என்பதை அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.