பலகாரக் கடைக்கு ஒரு பக்க இணையத்தளம்: முதன்முறை செய்பவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தீபாவளிக்கு முறுக்கு ஆர்டர் எடுக்கும் ஒரு வீட்டுக்கு இணையத்தளம் செய்வதாக வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்கள் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள். தோட்டப் பக்கம் லைன் ஒரு கோடுதான் நிற்கும். அதனால் ரெடிமேட் டெம்பிளேட்டும் ஓடும் படங்களும் இப்போதைக்கு வேண்டாம். கையால் எழுதிய ஒரே பக்கம் போதும்.

முதலில் தாளில் எழுதுங்கள்: கடைப் பெயர், ஊர், ஒரு போத்தல் எத்தனை வெள்ளி, ஆர்டருக்குக் கடைசித் தேதி, வாட்ஸ்அப் எண். ‘எங்களைப் பற்றி’ என்று மூன்று பத்தி எழுதக் கை துறுதுறுக்கும். முறுக்கு வாங்க வருகிறவர் அதைப் படிக்கமாட்டார்.

கோப்பு

வி.எஸ். கோட் என்ற இலவச மென்பொருளை நிறுவி, புதிய ஃபோல்டர் ஒன்றைத் திறங்கள். உள்ளே ‘இன்டெக்ஸ் புள்ளி எச்டிஎம்எல்’ என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் பெயரிட்டு ஒரு கோப்பு. பெயரிட்ட பிறகு ஆச்சரியக்குறி ஒன்றைத் தட்டி டேப்பை அழுத்தினால் பக்கத்தின் எலும்புக்கூடு முழுவதும் தானே வந்துவிடும். பெயரிடாத கோப்பில் இது வேலை செய்யாது.

வந்ததில் இரண்டு வரிகளை அழிக்கவே கூடாது. ‘சார்செட்’ வரி போனால் தமிழ் எழுத்துகள் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளாகத் தெரியலாம். ‘வியூபோர்ட்’ வரி போனால் கைப்பேசியில் பக்கம் முழுவதும் எறும்பளவு சுருங்கிவிடும். மேலே மொழி ஆங்கிலம் என்று இருப்பதைத் தமிழுக்குரிய ‘டிஏ’ என மாற்றுங்கள். கடைப் பெயர் தலைப்புக்கான எச்1 குறிக்குள், மற்ற வரிகள் பத்திக்கான பி குறிக்குள்.

பழைய விலைப்பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தால் அப்படியே ஒட்டாதீர்கள். அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது. எழுத்துரு இல்லாத கைப்பேசியில் வெறும் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். யூனிகோட் மாற்றியில் போட்டு எடுங்கள். நாலு வரிதான் என்றால் செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலியில் புதிதாகத் தட்டிவிடுவது சுலபம்.

தோற்றம்

பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் நான்கு அமைப்புகள் போதும்: எழுத்தளவு 18 பிக்சல், வரி உயரம் 1.7, பக்கத்தின் அதிகபட்ச அகலம் 640 பிக்சல், ஓரத்தில் 16 பிக்சல் இடைவெளி. வரி உயரத்தைக் குறைத்தால் மேல்வரியின் ‘கு’, ‘பூ’ கீழ்வரியின் ‘கி’, ‘தீ’யோடு முட்டும். ஒவ்வோர் அமைப்பின் முடிவிலும் அரைப்புள்ளி வையுங்கள். ஒன்றை விட்டால் அதுவும் அடுத்ததும் சேர்ந்தே செயலிழக்கும்.

படம்

கைப்பேசிப் படம் 3, 4 எம்பி இருக்கும். ஸ்குவூஷ் தளத்தில் 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, 200 கேபிக்குள் கொண்டுவாருங்கள். கோப்புப் பெயரில் இடைவெளியும் பெரிய எழுத்தும் வேண்டாம். விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காது, சர்வர் பார்க்கும். ‘வீட்டில் படம் தெரிந்தது, ஏற்றினால் காணோம்’ என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். அடுத்தது, படத்தின் முகவரி ‘சி’ டிரைவ் என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். வெறும் கோப்புப் பெயர் மட்டும் இருக்க வேண்டும்.

ஆர்டர் பொத்தான்

வாட்ஸ்அப் இணைப்பு ‘டபிள்யூஏ புள்ளி எம்இ’, சாய்கோடு, அதன் பின் எண். கூட்டல் குறி, கோடு, முதல் பூஜ்யம் மூன்றையும் எடுத்துவிட்டு முன்னால் மலேசியாவின் நாட்டு எண் 60 சேருங்கள்: 012 என்பது 6012 ஆகும். பூஜ்யத்தோடு விட்டால் பொத்தான் யாரையும் அழைக்காது.

ஏற்றுதல்

கோப்புகளை இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப் தளத்தில் கணக்கு திறந்து, எல்லாரும் பார்க்கக்கூடிய ரெப்போசிட்டரி (கோப்புக் களஞ்சியம்) ஒன்றில் கோப்புகளை ஏற்றுங்கள். இன்டெக்ஸ் கோப்பு உள் ஃபோல்டரில் இல்லாமல் வெளியிலேயே இருக்கட்டும். செட்டிங்ஸ், பேஜஸ், ‘மெயின்’ கிளை, சேவ். சில நிமிடங்களில் முகவரி கிடைக்கும், செலவில்லை. சொந்தப் பெயரில் முகவரி வாங்குவதை ஆர்டர் வரத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

விலையை மாற்றி ஏற்றியும் பழைய விலையே தெரிந்தால் பதறாதீர்கள். பிரவுசர் பழைய பக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. கன்ட்ரோலும் எஃப்5-உம் சேர்த்து அழுத்துங்கள்.