இரைச்சலான மேடையில் இலத்திரனியல் ட்ரம்ஸ் எடுபட

வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரவிரவாகச் செதுக்கிய ட்ரம்ஸ் ஒலி, வெள்ளவத்தையில் ஒரு திருமண வரவேற்பில் பேஸ் கிட்டாரும் கீபோர்டும் இரண்டு பாடகர்களும் சேர்ந்து முழங்கத் தொடங்கியதும் கரைந்துபோவதைக் கொழும்பில் வாசிக்கும் பலர் அனுபவித்திருப்பார்கள். கருவியின் தரம் போதாது என்று நினைத்து விலைகூடிய ஒன்றை வாங்குபவர்களும் உண்டு. நான் கண்டவரையில் பிழை கருவியில் இருப்பது அரிது. குறைந்த சத்தத்தில், வேறு வாத்தியம் எதுவும் இல்லாமல், காதுக்குள் கேட்டு அமைத்த ஒலியை அப்படியே மேடைக்குக் கொண்டுபோவதுதான் பிழை.

சத்தம் குறைவாக இருக்கும்போது காது தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைவாகவே உணர்கிறது என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933 இல் அளந்து காட்டினார்கள். ஆகவே ஹெட்போனில் கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்மின் ஒலி) மெலிந்து கேட்கிறதென்று நாம் அடித்தொனியைக் கூட்டுகிறோம். அதே கிக் மண்டபத்தின் சப் வூஃபரில் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஒலிபெருக்கியில்) ஊதிப் பெருத்து, வடிவமில்லாத முழக்கமாகிவிடுகிறது. இதற்கு ஒரே வழி, ஒத்திகையின்போதே கருவியைப் பெரிய ஒலிபெருக்கியில் இணைத்து, மேடையில் வாசிக்கும் அளவுக்குச் சத்தத்தை உயர்த்தி, பேஸ் கிட்டார்க்காரர் பக்கத்தில் வாசிக்க, ஒவ்வொரு ஒலியையும் மீண்டும் தேர்ந்தெடுப்பதாகும்.

அப்படித் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கருவிக்குள் இருக்கும் ரிவேர்பை (செயற்கை எதிரொலியை) முழுவதுமாக நிறுத்துங்கள். மண்டபமே எதிரொலியைத் தாராளமாகத் தருகிறது: பின்சுவர் 17 மீற்றர் தொலைவில் இருந்தால் மேடையிலிருந்து போன ஒலி ஏறக்குறைய 100 மில்லி செக்கன்களில் திரும்பி வரும். அதன்மேல் நாமும் எதிரொலியைச் சேர்த்தால் அடியின் முனை மழுங்கிவிடும். அடுத்து, ஒலியின் வாலைக் குறுக்க வேண்டும். பைலா வாசிக்கும் நம் ஊர்க் குழுக்களுக்கு இது மிக முக்கியம். நிமிடத்துக்கு 120 அடிகள் என்ற வேகத்தில் ஆறெட்டுத் தாளம் போகும்போது ஓர் அடிக்கு 500 மில்லி செக்கன். அதை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு தட்டுக்கும் 167 மில்லி செக்கன்தான் கிடைக்கிறது. அரைச் செக்கன் நீளும் கிக் ஒலி அடுத்த இரண்டு தட்டுக்களையும் விழுங்கிவிடும். தனியாகக் கேட்கும்போது வறண்டு, கட்டையாகத் தோன்றும் கிக்தான் குழுவோடு சேரும்போது சரியாக இருக்கும். அந்த வறட்சியைக் கண்டு தயங்காதீர்கள்.

கிக்கின் உடல் 60 முதல் 100 ஹேர்ட்ஸ் வரையிலும், காலடி விழும் 'டிக்' என்ற முனை 2,500 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரையிலும் இருக்கும். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் 41 ஹேர்ட்ஸ் என்பதால், கிக்கையும் அந்த ஆழத்துக்கு இறக்கினால் இரண்டும் ஒன்றையொன்று மறைக்கும். கிக்கைச் சற்று மேலே வைத்து, ஆழத்தை பேஸுக்கு விட்டுக்கொடுப்பது நல்லது. 300 முதல் 400 ஹேர்ட்ஸ் வரையிலான பகுதியைக் குறைத்தால் அட்டைப்பெட்டியில் தட்டுவது போன்ற மந்தம் விலகி, சத்தத்தைக் கூட்டாமலே கிக் முன்னுக்கு வரும். ஸ்னேர் என்ற கூரிய ஒலி தரும் சிறு ட்ரம்மின் உடல் 200 ஹேர்ட்ஸை ஒட்டி இருப்பதால், மெல்லிய ஸ்னேரை விட நடுப்பகுதி தடித்த ஸ்னேரே கிட்டார்களைத் தாண்டிக் கேட்கும். இலத்திரனியல் ட்ரம்ஸில் எனக்கு இன்றுவரை முழுத் திருப்தி தராதவை சிம்பல்கள்தான். இடமிருந்தால் உண்மையான ஹைஹாட் ஒன்றையும் கிராஷ் ஒன்றையும் மைக் இல்லாமல் பக்கத்தில் வையுங்கள். சிறிய மண்டபத்துக்கு அதுவே போதும்.

கீபோர்டிலுள்ள தானியங்கி ஸ்டைலோடு (தானாக ஓடும் தாளப் பின்னணியோடு) சேர்ந்து பேட் (தட்டி வாசிக்கும் இலத்திரனியல் ட்ரம்ஸ்) வாசிக்கும் வழக்கம் நம்மிடம் அதிகம். அந்த ஸ்டைலுக்குள்ளும் ஒரு கிக்கும் ஸ்னேரும் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு கிக்குகள் சில மில்லி செக்கன் இடைவெளியில் மோதும்போது இரண்டுமே வலுவிழக்கின்றன. கீபோர்ட் வாசிப்பவரிடம் ஸ்டைலின் ட்ரம்ஸ் பகுதியை நிறுத்தி, ஷேக்கர், கொங்கா போன்றவற்றை மட்டும் விடும்படி கேளுங்கள்.

இனி இணைப்பு. ரோலண்ட் எஸ்.பி.டி.-30 ஒக்டபேட் போன்ற கருவிகளில் இடம், வலம் என இரண்டு வெளியீடுகளே உண்டு. அவற்றை ஸ்டீரியோவாக அனுப்பினால் ஒலியமைப்பாளர் கிக்கைத் தனியே கூட்டவோ குறைக்கவோ முடியாது. கிக்கை முழுமையாக இடப்பக்கத்துக்கும் மற்ற எல்லாவற்றையும் வலப்பக்கத்துக்கும் தள்ளி, இரண்டையும் மிக்சரில் இரண்டு தனி மோனோ சானல்களாக எடுக்கச் சொல்லுங்கள். மண்டபத்தின் ஒலியை மாற்றியமைக்க இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. (ரிவேர்பை நிறுத்தச் சொன்னதற்கு இதுவும் காரணம், அது இரு பக்கமும் கசிந்து பிரிப்பைக் கெடுக்கும்.) ரோலண்டின் இன்னொரு கருவியான எஸ்.பி.டி.-எஸ்.எக்ஸ். வைத்திருப்பவர்கள் அதன் துணை வெளியீடுகளையும் பயன்படுத்தலாம். மிக்சரில் ஒரே ஒரு சானல்தான் மிச்சமென்றால் இட-மோனோ துளையில் மட்டும் கேபிளைச் செருகுங்கள்; கருவியே இரண்டையும் கலந்து தரும்.

மிக்சர் தூரத்தில் இருந்தால் கருவியிலிருந்து குறுகிய கேபிள்களை டி.ஐ. பெட்டிக்கும் (கருவியின் ஒலியை நீண்ட மைக் கேபிளுக்கு ஏற்றதாக மாற்றும் சிறு பெட்டி), அங்கிருந்து மைக் கேபிளை மிக்சருக்கும் கொண்டுபோக வேண்டும். 50 அல்லது 100 ஹேர்ட்ஸ் உறுமல் கேட்டால் டி.ஐ. பெட்டியிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை (ஒலிக் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிப்பது) மாற்றிப் பாருங்கள். பிளக்கின் எர்த் முனையை முறிப்பதோ, எர்த் கம்பியைக் கழற்றுவதோ ஒருபோதும் கூடாது. 230 வோல்ட் மின்சாரத்தில் அது பாடகரின் உதட்டுக்கும் மைக்குக்கும் இடையில் உயிராபத்தாக முடியலாம்.

சத்தமான மேடைக்கே உரிய இன்னொரு தொல்லையை கொட்டாஞ்சேனையில் ஒரு நிகழ்ச்சியில் அறிந்தேன். மென்மையான பாடலொன்றில் குச்சிகளை மடியில் வைத்துக் காத்திருந்தபோது டொம் ஒலி தானாக விழுந்தது. குனிந்து பார்த்தால், பேஸ் கிட்டார் தாழ்ந்த சுரத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் வலது மூலைப் பேடுக்குரிய விளக்கு மினுங்கியது. மேடைப் பலகையின் அதிர்வு ஸ்டாண்டின் கால் வழியாக ஏறிப் பேடைத் தட்டியிருக்கிறது. அன்று மடித்த தரைவிரிப்பைக் காலுக்குக் கீழே வைத்துச் சமாளித்தேன். இப்போது தடித்த இறப்பர் துண்டுகள் என் பையில் எப்போதும் இருக்கும். அதோடு, சப் வூஃபர் முழங்கும்போதே பேடின் த்ரெஷோல்டை (ஒலி எழத் தேவையான ஆகக் குறைந்த அடிவலுவை) ஒவ்வொரு படியாக உயர்த்தி, தானாக ஒலிப்பது நிற்கும் இடத்தில் நிறுத்தி, மிக மெல்லிய தட்டுக்கும் ஒலி வருகிறதா என்று பாருங்கள். ஒரு பேடை அடிக்க அடுத்தது பேசினால் அதற்கு கிராஸ்டோக் அளவை மாற்ற வேண்டும்.

பாடலுக்குப் பாடல் கிட் (சேமித்து வைத்த ஒலித் தொகுப்பு) மாற்றும்போது சத்தம் ஏறி இறங்குவது ஒலியமைப்பாளரை மிகவும் வாட்டும். எல்லாக் கிட்களையும் ஒரே வலுவில் அடித்து, மிக்சரின் மீற்றரில் ஒரே உயரத்துக்கு வரும்படி முன்னதாகவே சமப்படுத்திச் சேமியுங்கள்.

உங்களுக்கான மொனிட்டரை (மேடையில் வாசிப்பவருக்கே ஒலி கேட்க வைக்கும் ஒலிபெருக்கியை) ஒருபோதும் விட்டுக்கொடுக்காதீர்கள். பேட் தானாகச் சத்தம் தராது. காதில் கேட்காவிட்டால் கை பலமாக அடிக்கத் தொடங்கும், பலமாக அடித்தால் எல்லா அடியும் ஒரே வலுவாகி உயிர் போய்விடும். 100 டெசிபெல் சத்தத்தில் 15 நிமிடங்களுக்கு மேல் இருப்பது செவிக்குக் கேடு என்பதால், மொனிட்டரைக் கூட்டுவதைவிட அதை அருகில் இழுத்துக் காது மட்டத்துக்கு உயர்த்துவதே மேல்.

சவுண்ட் செக்கின்போது குழுவில் வேறொருவரை அடிக்கச் சொல்லிவிட்டு, மண்டபத்தின் நடுவில் போய் நின்று கேளுங்கள். ஆட்கள் நிரம்பியதும் உயர்ந்த அதிர்வெண்கள் உறிஞ்சப்படும் என்பதால், காலி மண்டபத்தில் ஸ்னேரின் முனை சற்றே கூர்மையாக இருப்பதை அப்படியே விடலாம். மிக்சரில் கெயின் (உள்வரும் ஒலியின் அளவு) வைக்கும்போது நிகழ்ச்சியில் அடிப்பதைவிடப் பலமாகவே அடித்துக் காட்டுங்கள். கருவியின் வொலியூமை முக்கால் அளவில் நிறுத்தி, அதன்பின் அதைத் தொடாதீர்கள். இடையில் குறைவாகப் பட்டால், "அண்ணா, கிக் கொஞ்சம் கூட்டுங்கோ" என்று மிக்சரில் இருப்பவரிடமே கேளுங்கள்.