நாயை நெடுங்காலப் புற்றுநோய் ஆய்வில் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆய்வில் சேர்த்துவிட்டால் நம் நாய்க்குப் புற்றுநோய் வராமல் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்." பெயர் கொடுக்கும் பலருடைய மனதில் இந்த எண்ணம்தான் இருக்கிறது. பிற்பாடு வரும் ஏமாற்றங்களில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் விலங்குநல ஆராய்ச்சிக்கு நிதி தரும் மாரிஸ் அனிமல் ஃபவுண்டேஷன் 2012-இல் தொடங்கிய கோல்டன் ரிட்ரீவர் இன நாய்களின் வாழ்நாள் ஆய்வை எடுத்துக்கொள்வோம். 2015-க்குள் 3,044 நாய்கள் சேர்ந்தன. முக்கியமாகத் தேடியது நான்கு புற்றுநோய்களை: நிணநீர் மண்டலத்தில் வரும் லிம்ஃபோமா, ரத்தக்குழாய்ச் சுவரில் தோன்றும் ஹெமாஞ்சியோசார்கோமா, எலும்பில் வரும் ஆஸ்டியோசார்கோமா, பெரும்பாலும் தோலில் வரும் மாஸ்ட் செல் கட்டியின் தீவிரமான வகை. ஆய்வு எந்த மருந்தும் தருவதில்லை. நாய் வழக்கம்போல் வாழும். வருடம் ஒருமுறை மருத்துவர் பரிசோதித்து ரத்தம், சிறுநீர், மலம், முடி, நகம் எடுத்து அனுப்புவார். வீட்டுக்காரர் நீளமான கேள்வித்தாள் ஒன்றை நிரப்புவார். நாய் இருக்கும்வரை இதுதான் நடைமுறை. நோய் வந்தால் சிகிச்சை என்ன என்பது உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் இடையிலான விஷயம்.

மருந்தையோ தடுப்பூசியையோ சோதிக்கும் ஆய்வு வேறு வகை. 2019-இல் அமெரிக்காவில் சுமார் 800 ஆரோக்கியமான நாய்களைக் கொண்டு ஒரு புற்றுநோய்த் தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. அதில் பாதி நாய்களுக்குத் தடுப்பூசி, மீதிப் பாதிக்கு மருந்தில்லாத ஊசி. எந்த நாய்க்கு எது போனது என்று வளர்ப்பவருக்குத் தெரியாது. "என் நாய்க்கு வெறும் ஊசி போயிருந்தால்?" என்ற கேள்வி தூக்கத்தைக் கெடுக்கும் என்றால், அப்படிப்பட்ட சோதனையில் சேராமல் இருப்பதே நல்லது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இது எந்த வகை ஆய்வு என்று வாய்விட்டுக் கேளுங்கள். வருடாந்திரப் பரிசோதனைச் செலவு யாருடையது, மாதிரிகளைப் பின்னாளில் வேறு ஆய்வாளர்களும் பயன்படுத்துவார்களா, நடுவில் விலகினால் ஏற்கெனவே கொடுத்தவை என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். படிவத்தில் இதெல்லாம் எழுதியிருக்கும், பெரும்பாலானவர்கள் படிப்பதில்லை.

நோய் வந்த பிறகு ஓடிவந்து சேர்க்க முயல்வது இன்னொரு தவறு. அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த மாதிரி ஆய்வுக்கு வேண்டியது நோய்க்கு முந்தைய வருடங்கள். கோல்டன் ஆய்வில் 6 மாதம் முதல் 2 வயது வரையிலான நாய்களைத்தான் எடுத்தார்கள். எட்டு வயதில் கட்டி வந்தால், அந்த நாய் இரண்டு வயதில் என்ன சாப்பிட்டது, எந்தத் தண்ணீரைக் குடித்தது, எந்தப் புல்லில் புரண்டது என்று திரும்பிப் பார்க்க அதுதான் வழி. அதே சமயம், நம்முடையது உயர்சாதி நாய் இல்லையே, யார் எடுப்பார்கள் என்று ஒதுங்கவும் வேண்டாம். அமெரிக்காவிலேயே நடக்கும் 'டாக் ஏஜிங் புராஜெக்ட்' என்ற முதுமை பற்றிய ஆய்வு கலப்பின நாய்கள் உட்பட எல்லா நாய்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஆய்வுக்கு ஆய்வு தகுதி மாறும்.

அப்புறம் கேள்வித்தாள். என் பார்வையில் மிக அதிகமான சேதம் நடக்கும் இடம் இதுதான், அதுவும் நல்ல மனிதர்களால்.

இரவு சாப்பாடு முடிந்து மேஜையில் உட்கார்ந்து நிரப்புகிறீர்கள் என்று வையுங்கள். "ஒரு நாளைக்கு எத்தனை தின்பண்டம் கொடுக்கிறீர்கள்?" இரண்டு என்று எழுதுகிறீர்கள். பயிற்சியின்போது நீங்கள் கொடுப்பது இரண்டுதான். காலையில் பாட்டி கொடுப்பது, பள்ளியிலிருந்து வந்ததும் குழந்தை கொடுப்பது, மாத்திரையை உள்ளே வைத்துக் கொடுப்பது எதுவும் அதில் வரவில்லை. அடுத்த கேள்வி: "வீட்டில் யாராவது புகை பிடிக்கிறார்களா?" மாடியில் மட்டும்தானே என்று நினைத்து 'இல்லை' என்று குறிக்கிறீர்கள். தோட்டத்துக்குக் களைக்கொல்லி அடித்தது எந்த மாதம்? உண்ணிக்கு மருந்து போட்டது எப்போது, எந்த மருந்து? நினைவில் இல்லை, ஏதோ ஒன்றை எழுதிவைக்கிறீர்கள்.

இங்கே யாரும் உங்களுக்கு மதிப்பெண் போடுவதில்லை. நல்ல வளர்ப்பாளர் என்று காட்டிக்கொள்ளத் திருத்தி எழுதிய பதில், பதிலே இல்லாததைவிட மோசம். விடுபட்டது விடுபட்டது என்று கணக்கில் தெரியும், திருத்தியது தெரியவே தெரியாது. புகைக்கும் கட்டிக்கும் உண்மையிலேயே தொடர்பு இருந்தாலும், புகை உள்ள வீடுகளே 'இல்லை' என்று எழுதிவிட்டால் அந்தத் தொடர்பு மங்கிப்போகும். அதனால் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். உணவுப் பையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். மருந்து கொடுத்த தேதியை அன்றைக்கே எழுதுங்கள். நாயோடு பழகும் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்ட பிறகு படிவத்தை நிரப்புங்கள்.

தேதி என்ன அவ்வளவு முக்கியமா என்று தோன்றலாம். கோல்டன் ஆய்விலிருந்து 2019-இல் வெளிவந்த முடிவு ஒன்றைப் பாருங்கள். கருத்தடை செய்த நாய்களுக்கு உடல் பருமன் ஏற்படும் வாய்ப்பு கூடுதல், 6 மாதத்துக்கு முன்பே செய்தவற்றுக்கு எலும்பு, மூட்டுக் காயங்களும் கூடுதல் என்று அது காட்டியது. அறுவைச் சிகிச்சை "குட்டியாக இருந்தபோது" நடந்தது என்று மட்டும் எல்லோரும் எழுதியிருந்தால் அந்த 6 மாதக் கோட்டைப் போட்டிருக்கவே முடியாது.

ஆய்வில் சேர்ந்துவிட்டோம் என்பதற்காக நாயின் வாழ்க்கையை மாற்றுவதும் வேண்டாம். மாதிரி எடுக்கும் வாரத்தில் மட்டும் உயர்ந்த உணவு, புதிய ஷாம்பூ, கூடுதல் நடை என்றால் ரத்தம் அந்த வாரத்தைத்தான் பேசும். மாற்றம் தேவை என்றால் தாராளமாகச் செய்யுங்கள், எப்போது மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

மாதிரி எடுக்கும் நாளைப் பற்றி ஒரு விஷயம். மருத்துவரிடம் போகிறோம், சுத்தமாகப் போகலாம் என்று முந்தின நாளே குளிப்பாட்டி, முடியைக் குறைத்து, நகத்தையும் ஒட்ட வெட்டிவிடுவார்கள். அந்த நகமும் ஒரு மாதிரிதான். ரத்தம் அண்மைய நாட்களைச் சொல்லும், முடியும் நகமும் அவை வளர்ந்த வாரங்களையும் மாதங்களையும் தமக்குள் வைத்திருக்கும். மேஜையில் நாயின் பாதத்தைத் தூக்கிப் பார்க்கும் மருத்துவருக்கு வெட்ட எதுவும் மிஞ்சியிருக்காது. வெறும் வயிற்றில் கூட்டிவரச் சொன்னால், கிளம்பும்போது வாசலில் கொடுக்கும் ஒரு பிஸ்கட்டும் கூடாது. காலை முதல் சிறுநீர் கேட்டால் முதல் சிறுநீரையே பிடியுங்கள். உங்கள் மருத்துவருக்கு இதில் ஈடுபாடு இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுவதும் நல்லது, பாதி வேலை அவருடையது.

கட்டி விஷயத்தில் கவனம் வேண்டும். தடவிக்கொடுக்கும்போது தோலுக்கடியில் பட்டாணி அளவில் ஒன்று தட்டுப்படுகிறது. கொழுப்புக்கட்டியாக இருக்கும் என்று விட்டுவிடுகிறோம், அல்லது எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் போட்டுவிடுகிறோம். மாஸ்ட் செல் கட்டி சாதாரணக் கட்டி போலவே இருக்கும், சில நாள் பெரிதாகும், சில நாள் சுருங்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நோயியல் பரிசோதனை செய்யாத கட்டியை ஆய்வில் உறுதியான புற்றுநோயாகக் கணக்கெடுக்க முடியாது. அதைவிட முக்கியம், உங்கள் நாய்க்கு நேரம் வீணாகிறது. பெரிய நாய் காரணமில்லாமல் நொண்டினாலும், தாடைக்கடியில் நெறி கட்டினாலும் வருடாந்திரப் பரிசோதனை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சரி, எல்லாம் ஒழுங்காகப் போகிறது. ஐந்தாறு வருடம் கழித்து ஆர்வம் குறைகிறது. வீடு மாறுகிறோம், போன் எண் மாறுகிறது, ஆய்வுக் குழுவுக்குச் சொல்லவில்லை. "என் நாய் நன்றாகத்தானே இருக்கிறது, சொல்ல என்ன இருக்கிறது?" என்று ஒருவர் விடுகிறார். நோய் வந்த வீட்டில் படிவத்தைத் திறக்கவே மனம் வராமல் இன்னொருவர் விடுகிறார். இரண்டுமே இழப்பு.

ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். களைக்கொல்லி அடிக்கும் வீடுகளில் 50 நாய்கள், அடிக்காத வீடுகளில் 50 நாய்கள். முதல் கூட்டத்தில் 10 நாய்களுக்கும் இரண்டாவதில் 5 நாய்களுக்கும் லிம்ஃபோமா வருகிறது. முதல் கூட்டத்தில் நாய்க்கு நோய் வந்த ஐந்து பேர் துக்கத்தில் தொடர்பை விட்டுவிட்டால், ஆய்வு பார்ப்பது ஐந்துக்கு ஐந்து. ஏறக்குறைய வித்தியாசமே இல்லை என்று முடிவு வரும். எங்கும் பொய் சொல்லப்படவில்லை, ஐந்து பேர் பேசவில்லை, அவ்வளவுதான். ஆரோக்கியமான நாய்களும் இதே அளவுக்குத் தேவை, ஏனென்றால் நோயுற்றவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆள் இல்லை. நேரமில்லாத வருடத்தில் முழுப் படிவத்தை நிரப்ப முடியாவிட்டால், "நாய் உயிரோடு நலமாக இருக்கிறது" என்று ஒரு வரியாவது அனுப்புங்கள்.

கடைசியாக, பேசக் கஷ்டமான ஒன்று. நாய் இறந்த பிறகு உடலைப் பரிசோதிக்க அனுமதிப்பதா, கட்டியிலிருந்து திசு கொடுப்பதா என்பதை அந்த நேரத்தில் முடிவுசெய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஹெமாஞ்சியோசார்கோமா பெரும்பாலும் மண்ணீரலில் சத்தமில்லாமல் வளர்கிறது. காலையில் பந்து விளையாடிய நாய் மாலையில் ஈறு வெளுத்துச் சரிந்துவிடும், உள்ளே கட்டி வெடித்து ரத்தம் கசிந்திருக்கும். அந்த இரவில் அழுதுகொண்டே நிற்பவரிடம் யாரும் கேட்கவும் முடியாது, அவரால் யோசிக்கவும் முடியாது. நாய் துள்ளி விளையாடும் நாளிலேயே குடும்பத்தோடு பேசி முடிவெடுங்கள். வேண்டாம் என்பதும் முழு மரியாதைக்குரிய முடிவுதான். சரி என்றால், அதை மருத்துவரின் கோப்பில் எழுதிவைக்கச் சொல்லுங்கள், ஆய்வுக் குழுவின் எண்ணை வீட்டில் எல்லோருக்கும் கொடுங்கள். உடலைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும், உறையவைக்கக் கூடாது, உறைந்தால் திசு சிதைந்துவிடும். தகவலை எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. கடைசிப் படிவம் ஒன்று வரும். அதை நிரப்ப ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை, குழுவிடம் சொன்னால் காத்திருப்பார்கள்.