வெளிநாட்டுப் பழைய கார் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன்னால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் பழைய கார் கன்சல்டிங் வைத்திருக்கிறேன். மாருதியும் மஹிந்திராவும்தான் என் பிழைப்பு. ஆனால் மாதத்துக்கு ஒன்றிரண்டு போன் வேறு மாதிரி வரும். போன மாதம் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மேலூர்த் தம்பி ஒருவர் கூப்பிட்டார்.

"அண்ணே, இங்க ஒரு ஸ்விஃப்ட் ஸ்போர்ட் வருது. நம்ம ஊரு மாதிரியே வலது பக்கம் ஸ்டியரிங். கிட்டத்தட்ட சும்மா குடுக்குறாங்க. தூத்துக்குடில இறக்கி ஓட்டிட்டு வந்துரலாம்ல?"

வண்டி என்ன வருஷம் என்று கேட்டேன். ஒன்பது முடிந்து பத்து நடக்கிறது என்றார். அங்கேயே கதை முடிந்துவிட்டது. தம்பிக்குத்தான் மனசு வரவில்லை. அரை மணி நேரம் பேசினோம். அந்தப் பேச்சில் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் கார் வைத்துக்கொள்ளும் உரிமையையே ஏலத்தில் எடுக்க வேண்டும். சிஓஇ என்பார்கள். அது பத்து வருஷத்துக்குத்தான். பத்தாவது வருஷம் நெருங்கும்போது, மறுபடி பெரிய தொகை கட்டி நீட்டிக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியை உடைக்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ வேண்டும். அதனால்தான் அந்த நேரத்தில் விலை சரிகிறது. ஜப்பானிலும் ஏறக்குறைய இதே நிலைமைதான். ஷாகென் என்று அரசாங்கச் சோதனை உண்டு. புது வண்டிக்கு மூன்று வருஷம் கழித்து, பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் செலவு கையைக் கடிப்பதால் நல்ல வண்டியையே ஏலத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்திலும் நைரோபியிலும் ஜப்பான் பழைய வண்டி ஓடுவது இப்படித்தான்.

நம் நாட்டு விதி வேறு. தயாரித்த தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆன பழைய காரை இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது. பதிவு செய்த தேதியைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். நவம்பரில் ஃபேக்டரியை விட்டு வந்து மார்ச்சில் பதிவான வண்டிக்கு அந்த நான்கு மாதமும் வயதுதான். இரண்டே முக்கால் வருஷ வண்டியைப் பேசி முடித்து, பணம் அனுப்பி, கப்பலுக்குக் காத்திருந்தால் துறைமுகத்துக்கு வரும்போது வயது தாண்டியிருக்கும். ஆக, வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கிற வண்டி இங்கே வர முடியாது. வர முடிகிற வண்டி அங்கேயே மலிவில்லை. இது ஒன்று மனசில் பதிந்தால் பாதிப் பேர் அட்வான்ஸ் கொடுக்காமல் தப்பித்துவிடுவார்கள்.

அடுத்தது தூத்துக்குடி. மதுரையிலிருந்து இரண்டரை மணி நேரம், பெரிய துறைமுகம், ஆசை வரத்தான் செய்யும். ஆனால் பழைய கார்களை மும்பைத் துறைமுகம் வழியாக மட்டும்தான் இறக்கலாம் என்பது விதி. புது வண்டிகளுக்குச் சென்னை, கொச்சி என்று பல வாசல்கள் திறந்திருக்கின்றன. அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். மும்பையிலிருந்து மதுரை சுமார் 1,400 கிலோமீட்டர். பதிவாகாத வண்டியை லாரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். அந்த வாடகையையும் கணக்கில் எழுதுங்கள்.

கணக்கு போடாமல் பேசுவது

கணக்கு என்றதும் எல்லோரும் வண்டி விலையையும் கப்பல் கூலியையும் கூட்டி நிறுத்திவிடுகிறார்கள். வரி அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது.

மூன்று வருஷத்துக்கு உட்பட்ட ஒரு கார், கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து மும்பை வந்து சேரும்போது 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பழைய கார்களுக்கு அடிப்படைச் சுங்க வரி நெடுநாளாக 125 சதவீதமாக இருந்தது. அதன் மேல் ஒரு கூடுதல் வரி சேர்ந்து மொத்தம் 137.5 ஆனது. 2025 பட்ஜெட்டில் அடிப்படை வரி 70 ஆகக் குறைந்தது என்று செய்தி வந்ததும் எனக்கு நாலு போன் வந்தது. குறைந்தது உண்மைதான், ஆனால் வேறு பெயரில் 67.5 சேர்த்துவிட்டார்கள். கூட்டிப் பாருங்கள், பழைய 137.5 அப்படியே நிற்கும். 10 லட்சம் இப்போது 23 லட்சத்து 75 ஆயிரம். அதன் மேல் ஜிஎஸ்டி. 1,200 சிசிக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டி என்றால் 40 சதவீதம், ஒன்பதரை லட்சம். ஆக 33 லட்சத்து 25 ஆயிரம்.

இன்னும் முடியவில்லை. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். அது இறக்குமதி வரியும் சேர்ந்த விலைக்கு. ஆறரை லட்சத்துக்கு மேல் போகும். கடைசியில் ஏறக்குறைய 40 லட்சம்! பத்து ரூபாய்ப் பொருளை நாற்பது ரூபாய்க்கு வாங்கி, அதுவும் மூன்று வருஷம் பழசாக.

"பில்லைக் குறைச்சுப் போட்டுக்கலாம்ணே" என்று ஒருவர் யோசனை சொன்னார். சுங்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நம்மைவிட நிறைய பில் பார்த்தவர்கள். பழைய காருக்கு ரசீதில் உள்ள தொகையை அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அந்த மாடல் புதிதாக என்ன விலை என்று எடுத்து, அதில் தேய்மானம் கழித்து மதிப்புப் போடுவது வழக்கம். ஓசியில் கிடைத்த வண்டிக்கும் இதே கதிதான்.

ஊரோடு திரும்பி வருகிறவர்களுக்கு வரி கிடையாது என்று ஒரு நம்பிக்கை மேலூர், சிவகங்கைப் பக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வீட்டுச் சாமானுக்குச் சலுகை உண்டு. கார் அந்தக் கணக்கில் வராது.

வளைகுடா வண்டியும் மாற்றிய ஸ்டியரிங்கும்

துபாய், கத்தார், சவுதி எல்லாம் வலது பக்கம் ஓட்டுகிற நாடுகள், வண்டியில் ஸ்டியரிங் இடது பக்கம். இறக்குமதி விதி வலது பக்க ஸ்டியரிங்தான் கேட்கிறது. கூடவே ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் இருக்க வேண்டும், முகப்பு விளக்கு இடது பக்கம் ஓட்டும் சாலைக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். லண்டன் வண்டிக்கு ஸ்டியரிங் சரியாக இருந்தாலும் மைல் மீட்டர் இடிக்கும்.

ஸ்டியரிங்கை மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். மாற்றுகிறார்கள்தான், பெரிய தொழிலாகவே நடக்கிறது. 2025 மே மாதம் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு சொகுசுக் கார் வியாபாரியை வருவாய்ப் புலனாய்வுத் துறை கைது செய்தது. வெளிநாட்டு வண்டிகளை துபாய், இலங்கை வழியாகக் கொண்டுவந்து, அங்கேயே ஸ்டியரிங்கை வலது பக்கத்துக்கு மாற்றி, விலையைக் குறைத்துக் காட்டினார் என்பது குற்றச்சாட்டு.

இப்படி ஒரு வண்டியை நானே கப்பலூரில் பார்த்தேன். ஒரு பிராடோ. வாங்க நினைத்தவர் என்னைத் துணைக்குக் கூட்டிப்போனார். வெளியே கண்ணாடி மாதிரி இருந்தது. மழைத் தூறல். வைப்பரைப் போட்டதும், டிரைவர் முன்னால் இருக்கும் கண்ணாடியில் வலது ஓரம் ஒரு சாண் அகலத்துக்குத் துடைக்காமலே நின்றது. இடது பக்க டிரைவருக்காக வைத்த வைப்பர். கார்ப்பெட்டைத் தூக்கச் சொன்னேன். விற்கிறவருக்கு முகம் மாறியது. இடது பக்கம், பெடல் இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு மேலே, இன்ஜினுக்கும் உள்ளேயும் நடுவில் இருக்கும் தகட்டில் ஒரு வட்ட ஓட்டையை அடைத்து வெல்டிங் வைத்து, மேலே கருப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். டேஷ்போர்டைத் தட்டினால் ஃபைபர் சத்தம். ஏர்பேக் இருக்கிறதா என்று கேட்டேன், பதில் இல்லை. நிமிர்ந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். வடகிழக்கு மாநில நம்பர். நாங்கள் டீ குடிக்கக்கூட நிற்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பானெட் திறக்கும் லிவர் இடது பக்கம் இருக்கிறது என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். பல ஐரோப்பிய வண்டிகளில் ஒரிஜினலே அப்படித்தான். வைப்பர், ஹேண்ட் பிரேக் இருக்கும் பக்கம், தகடு, விளக்கின் வெளிச்சம் போகும் பக்கம், நான்கையும் சேர்த்துப் பாருங்கள்.

ஏற்கெனவே இங்கே ஓடுகிற வண்டி என்று நம்புவது

பெரும்பாலானவர்கள் நேரடியாக இறக்குமதி செய்வதில்லை, யாரோ இறக்கியதை வாங்குகிறார்கள். அதிகமாக ஏமாறுவதும் இங்கேதான். ஆர்சி புக் இருக்கிறது, ஆன்லைனில் நம்பர் போட்டால் பெயர் வருகிறது, அப்புறம் என்ன என்று நினைக்கிறார்கள்.

2025 செப்டம்பரில் கேரளாவில் சுங்கத்துறை பல இடங்களில் சோதனை போட்டது. அதற்கு 'நும்கூர்' என்று பெயர் வைத்தார்கள், பூடான் மொழியில் வண்டி என்று பொருள். பூடானிலிருந்து எல்லை தாண்டிக் கொண்டுவந்து, போலிக் காகிதம் தயாரித்து, இமாச்சல் போன்ற மாநிலங்களில் பதிவு வாங்கி, அப்புறம் தெற்கே விற்றார்கள் என்பது வழக்கு. லேண்ட் க்ரூஸர், டிஃபெண்டர் என்று முப்பதுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பிடித்தார்கள். பூடானும் நம்மைப் போல இடது பக்கம் ஓட்டும் நாடு. ஸ்டியரிங் வலது பக்கமே இருப்பதால் பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. ஆர்சியும் அசல் ஆபீஸ் கொடுத்த ஆர்சிதான். அதற்கு அடியில் இருக்கும் காகிதம்தான் போலி.

அதனால் ஆர்சியைப் பார்ப்பதோடு நிற்காமல் பில் ஆஃப் என்ட்ரி கேளுங்கள். வண்டி இந்தியாவுக்குள் வந்தபோது சுங்கத்தில் கொடுத்த பத்திரம் அது. நம்பரும் தேதியும் துறைமுகமும் இருந்தால் ஐஸ்கேட் என்ற சுங்கத்துறைத் தளத்தில் சரிபார்க்கலாம். பழையதாக இறக்கிய காருக்கு மும்பை தவிர வேறு துறைமுகம் எழுதியிருந்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள். அதில் உள்ள சேஸிஸ் நம்பரும் வண்டியில் பொறித்ததும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நம்பரைச் சுற்றி மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தால் விரலால் தடவிப் பாருங்கள், பட்டி வைத்த இடம் கைக்குத் தெரியும்.

தூதரக வண்டி, கார்னே வண்டி என்றும் சொல்லி விற்பார்கள். தூதரக அதிகாரி வரியில்லாமல் கொண்டுவந்த காரை நம்மைப் போன்றவர்களுக்கு விற்றால் வரியைக் கட்டியாக வேண்டும், கட்டிய ரசீது எங்கே என்று கேளுங்கள். கார்னே என்பது சுற்றுலாக்காரர் வண்டியைத் தற்காலிகமாகக் கொண்டுவந்து திருப்பி எடுத்துப்போகும் ஏற்பாடு. அதை விற்பதற்கே இடமில்லை.

சுங்கத்துறை பறிமுதல் செய்ய வந்தால், தெரியாமல்தான் வாங்கினேன் என்று சொல்வதால் வண்டி தப்பாது. நீங்கள் எத்தனையாவது ஓனராக இருந்தாலும் சரி. சட்டத்தின் கண்ணில் குற்றம் வண்டியோடு ஒட்டிக்கொண்டே வருகிறது.

வெளிமாநில நம்பராக இருந்தால் அந்த ஊர் ஆர்டிஓவிலிருந்து என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, வர வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்குள் டிஎன் 58, 59, 64 என்று நம்ம நம்பருக்கு மாற்ற வேண்டும். மறுபடி ஆயுள் வரி. "என்ஓசி பின்னாடி வரும், இப்ப வண்டிய எடுத்துக்கங்க" என்கிறவரிடம் ஒரு ரூபாய்கூட டோக்கன் கொடுக்காதீர்கள்.

இத்தனையும் தாண்டி நேரடியாக ஜப்பானிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் ஏலத் தாள் இல்லாமல் பேசாதீர்கள். அதில் வண்டியின் படம் வரைந்து, எங்கே கீறல், எங்கே டிங்கரிங் என்று குறித்திருப்பார்கள். ஏ என்றால் கீறல், யு என்றால் நசுங்கல், டபிள்யூ என்றால் சரிசெய்த இடம், எக்ஸ்எக்ஸ் என்றால் மாற்றிய பாகம். மொத்த மதிப்பெண் 4, 4.5 என்று இருந்தால் நல்லது. ஆர் என்று போட்டிருந்தால் அடிபட்டுப் பழுது பார்த்த வண்டி. விற்கிறவர் தமிழில் எழுதி அனுப்பிய சுருக்கம் போதாது, அசல் தாளின் படத்தைக் கேளுங்கள். பனி பெய்யும் ஊர்களில் சாலையில் உப்பு போடுவார்கள், அடிப்பாகம் துருப்பிடிக்கும். இங்கிலாந்து வண்டிக்கும் இது பொருந்தும். அடியிலிருந்து எடுத்த படம் அனுப்பத் தயங்கினால் காரணம் அதுவாக இருக்கலாம்.

வந்து சேர்ந்த பிறகு சில்லறைத் தொல்லைகள் உண்டு. நம்ம பெட்ரோல் பங்கில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், வண்டி அதற்காகச் செய்ததா என்று டேங்க் மூடியின் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஒரு முன்கண்ணாடி உடைந்தால் வாரக்கணக்கில் வண்டி ஷெட்டில் நிற்கும். திரை முழுக்க ஜப்பானிய எழுத்து. ரேடியோ வேறு அலைவரிசை வரம்பு, அவர்களுடையது 76ல் தொடங்கி 95க்குள் முடிந்துவிடும். ஹலோ எஃப்எம் 106.4 எங்கே என்று தேடினால் கிடைக்காது.

மேலூர்த் தம்பியிடம் கடைசியாக இதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார், "சரிண்ணே, அப்ப அந்த வண்டியோட சீட்டும் அலாய் வீலும் மட்டும் கழட்டிக் கொண்டாரலாமா?"