உதகைச் சதுப்பிலிருந்து கூடுதுறை வரை: தாயகம் வருவோருக்கு ஒரு வழித்தடம்

விடுமுறைக்கு ஊருக்கு வரும் நம் ஆட்களின் உதகைப் பயணம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, படகு இல்லம், சாக்லேட், நீலகிரித் தைலம், அவ்வளவுதான். அதில் தவறில்லை. ஆனால் சிங்கப்பூரிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ இத்தனை செலவழித்து வருகிறவர்களுக்கு இந்த மலை காட்டக்கூடிய பெரிய விஷயம் வேறொன்று இருக்கிறது. அது சாலையோரத்திலேயே கிடக்கிறது, பலர் கண்ணில் படுவதில்லை. புல்வெளி மேடுகளுக்கு நடுவே, பள்ளத்தின் அடியில், கொஞ்சம் கரும்பச்சையாகத் தெரியும் சதுப்பு நிலம்தான் அது. கோவை, ஈரோடு, சத்தியமங்கலம், கோபி என்று உங்கள் தாத்தா பாட்டி ஊர் எதுவாக இருந்தாலும், அவர்கள் குடித்த தண்ணீரிலும் வயலுக்குப் பாய்ந்த தண்ணீரிலும் ஒரு பங்கு இங்கிருந்து கசிந்ததாக இருக்கலாம்.

வரைபடத்தை ஒரு முறை பாருங்கள். நீலகிரியின் மேற்கு மேட்டில், முக்குறுத்தி சிகரத்தை ஒட்டி, தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு பைக்காராவாக வடக்கே போய், மலையிலிருந்து விழுந்து, மாயாறு ஆகி முதுமலைக் காட்டைச் சுற்றிக் கிழக்கே ஓடுகிறது. இன்னொரு பங்கு பவானி. தெற்கே கேரளத்தின் அட்டப்பாடிக்குள் போய், திரும்பி, மேட்டுப்பாளையம் வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. அவலாஞ்சி, எமரால்டு பக்கத்துத் தண்ணீர் குந்தா ஆறாக வந்து வழியில் அதோடு சேர்கிறது. மேட்டில் பிரிந்த இந்த இரண்டும் பவானிசாகர் அணையில் மறுபடி ஒன்றாகின்றன. பவானி ஊரில், கூடுதுறையில், காவிரியில் கலக்கின்றன. இந்த வழியைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே வரும் பயணத்தைத்தான் நான் சொல்லப் போகிறேன். நான்கு நாட்கள் ஒதுக்க முடிந்தால் நல்லது.

முதலில் சதுப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள், அப்போதுதான் பார்ப்பது புரியும். மேட்டில் விழும் மழை புல்வேர்கள் வழியாக மண்ணுக்குள் இறங்கிப் பள்ளத்தில் சேர்கிறது. அங்கே குளிரும் ஈரமும் அதிகம், காற்று புகாது. அதனால் செத்த புல்லும் வேரும் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகத் தேங்கிக் கறுத்த கரிமண் ஆகிவிடுகின்றன. நனைந்த தேங்காய் நார் மூட்டை மாதிரி அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மழை நின்று மாதக்கணக்கான பிறகும் சொட்டுச் சொட்டாக விடும். பிப்ரவரி, மார்ச்சில் மழையே இல்லாதபோதும் ஓடைகளில் தண்ணீர் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கரிமண்ணுக்கு இன்னொரு பெருமை உண்டு. உதகைக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா பள்ளத்தாக்கில் அறிவியலாளர்கள் தோண்டி எடுத்த அடுக்குகளில் அடியில் இருப்பவை 30,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. அந்த அடுக்குகளில் உள்ள கார்பனை ஆராய்ந்தால் எந்தக் காலத்தில் புல் அதிகம், எந்தக் காலத்தில் சோலைமரம், அதாவது இந்த மேட்டின் அடர்ந்த பசுமைக்காட்டு மரம், அதிகம் என்று சொல்ல முடிகிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், இங்கே வறட்சி, புல் பரவியிருந்தது. ஈரமான காலங்களில் சோலை பெருகியிருக்கிறது. ஆக, இந்தப் புல்வெளி யாரோ காட்டை வெட்டியதால் வந்த தரிசு இல்லை. மனிதர் வருவதற்கு முன்பே இருந்த நிலம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், இதைப் புரிந்துகொள்ளாததுதான் இந்த மலைக்கு நடந்த பெரிய கேடு.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் மேலே வந்து உதகையை உருவாக்கினார். 1823இல் தொடங்கி ஓடைகளை மறித்து ஏரி கட்டினார். அந்த ஏரி அப்போது இன்னும் பெரியது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருப்பது ஏரியாக இருந்த இடத்தில்தான். படகுக்கு வரிசையில் நிற்கும்போது பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள். அப்புறம் வெள்ளைக்காரர் கண்ணுக்குப் புல்வெளி வீண் நிலமாகத் தெரிந்தது. 1843 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸ் வந்தது, சீகை (வாட்டில்) மரமும் வந்தது. விறகுக்கு, தோல் பதனிடும் பட்டைக்கு என்று நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசே இன்னும் பெரிய அளவில் நட்டது. அந்த மரம் கூழாவதற்குச் சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் செயற்கை இழை ஆலைக்குப் போனது. ஆலைக் கழிவு பவானி ஆற்றில் விழுந்தது. மேலே தண்ணீரை உறிஞ்சிச் சதுப்பைக் காயவைத்த மரமே கீழே அதே ஆற்றைக் கெடுத்தது. ஆலை மூடிப் பல வருடமாகிறது. சீகை மட்டும் விதை விழுந்த இடமெல்லாம் முளைத்துப் புல்வெளியை விழுங்கிக்கொண்டே இருக்கிறது. அதை அகற்றும் வேலை நடக்கிறது, ஆனால் மெதுவாக.

மிச்சமிருந்த சதுப்புகளில் பலவற்றில் வடிகால் வெட்டிக் கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் போட்டார்கள். அந்த விவசாயிகளை நான் குறை சொல்ல மாட்டேன். கரிமண்ணில் காய் நன்றாக வரும், அவர்களுக்கும் பிழைப்பு வேண்டும். ஆனால் கால்வாய் வெட்டிய சதுப்பு காய்ந்துவிடும், திரும்ப ஊறாது.

எங்கே பார்ப்பது

உதகையிலிருந்து கூடலூர் சாலையில் பைக்காராவுக்குப் போகும் வழியிலேயே புல்வெளி மேடுகள் வரும். ஆறாவது மைல், ஒன்பதாவது மைல் என்று சினிமா படப்பிடிப்பு இடங்களாக எல்லாருக்கும் தெரிந்தவை. கூட்டமெல்லாம் மேட்டின் உச்சிக்கு ஏறும். நீங்கள் கீழே பாருங்கள். பள்ளத்தில் புல்லின் நிறம் மாறும் இடம்தான் சதுப்பின் விளிம்பு. பள்ளத்தில் மரம் ஏன் இல்லை என்று பிள்ளைகள் கேட்டால், டிசம்பர் ஜனவரி இரவுகளில் குளிர்காற்று கீழே இறங்கித் தேங்குகிறது, அந்த உறைபனியில் சோலைமரக் கன்றுகள் கருகிவிடும் என்று சொல்லுங்கள். காலை ஏழு மணிக்குள் போனால் அந்தப் பனியை நேரிலேயே காட்டலாம். மழை முடிந்த மாதங்களில் ஈரமான ஓரங்களில் சிவப்பாக மினுங்கும் சின்னச் செடி தெரிந்தால் குனிந்து பாருங்கள், பூச்சியைப் பிடித்துத் தின்னும் அழுகண்ணிக் குடும்பத்துச் செடி அது. பிடுங்க வேண்டாம். சதுப்புக்குள் காலும் வைக்க வேண்டாம். மேலே உறுதியாகத் தெரியும், உள்ளே முழங்கால் வரை இறங்கும். ஒரு தடம் ஆறவே நெடுநாள் ஆகும்.

இந்த நிலத்தோடு நெருக்கமாக வாழ்ந்தவர்கள் நீலகிரிப் பழங்குடியினரான தோடர்கள். அவர்கள் எருமைகள் காலங்காலமாக இந்தப் புல்லையும் சதுப்பையும் மேய்ந்தவை. சாலையோரம் வளைந்த கொம்போடு நிற்பதைப் பார்ப்பீர்கள். எருமைப் பாலைப் புனிதமாகப் பேணும் அவர்களுடைய பால்கோயிலின் வளைந்த கூரையை வேய்வது சதுப்பில் மட்டும் வளரும் ஒரு புல்லால்தான். அந்தப் புல் நீலகிரிக்கே உரியது, இப்போது அரிதாகிவிட்டது. சதுப்பு காய்ந்தால் கோயில் வேயப் புல் இல்லை. ஒரு சமூகத்தின் வழிபாடு ஒரு ஈரநிலத்தை இப்படி நம்பியிருப்பது என்னை எப்போதும் அசைத்துவிடும். மந்து எனப்படும் தோடர் குடியிருப்புகளுக்குப் போவதானால் உதகையில் தெரிந்த ஒருவர் மூலம் கேட்டுக்கொண்டு போங்கள். கோயில் வேலியை நெருங்காதீர்கள், அனுமதி இல்லாமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பெண்கள் போடும் பூத்தையல் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. நெய்தது என்றே நினைக்கும் அளவுக்கு நுணுக்கமான கைவேலை அது. பேரம் பேசாமல் வாங்குங்கள்.

பைக்காராவில் படகு விடுகிறார்கள், அருவியும் உண்டு. அதைவிட முக்கியம், 1932இல் இங்கே தொடங்கிய நீர்மின் நிலையம். 900 மீட்டருக்கு மேல் குழாயில் இறக்கிய தண்ணீரில் எடுத்த மின்சாரம்தான் கோவைப் பஞ்சாலைகளைப் பெருக வைத்தது. அவலாஞ்சி, எமரால்டு பக்கம் போனால் கனடாவில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: குந்தா நீர்மின் திட்டம் 1950களில் கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவி ஏற்பாட்டின் கீழ் கனடாவின் உதவியோடு கட்டியது. அவலாஞ்சியில் வனத்துறை வண்டியில்தான் உள்ளே கூட்டிப் போவார்கள். ஜூலை, ஆகஸ்டில் அந்தப் பக்கம் போக வேண்டாம். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. சாலையோரச் சரிவுகள் அதைத் தாங்காது.

முக்குறுத்தி தேசியப் பூங்காவுக்குள் நினைத்த நேரத்தில் போக முடியாது. 2024இல் தமிழ்நாடு வனத்துறை தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் அவலாஞ்சி, பார்சன்ஸ் பள்ளத்தாக்குப் பகுதிகளும் உண்டு. இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டால் வழிகாட்டியோடு அனுப்புவார்கள். காட்டுத்தீ காலத்தில் நிறுத்திவிடுவார்கள், ஆகவே டிக்கெட் போடும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு தூரம் நடக்க முடியாத பெரியவர்கள் கூட இருந்தால் கோத்தகிரி லாங்வுட் சோலை நல்ல மாற்று. சிறிய சோலைதான், அதன் ஊற்றுத் தண்ணீர் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது. 2024 ஜனவரியில், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

கிளம்பும் முன்

நீலகிரிக்குள் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, கட்டாயம். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடக்கிறது. வெளிநாட்டுத் தொலைபேசி எண் வைத்திருப்பவர்கள் மின்னஞ்சல் மூலம் பதிவு செய்யலாம். சொந்தக்காரர் வண்டியில் போனாலும் அந்த வண்டி எண்ணுக்கு வேண்டும்; அரசுப் பேருந்தில் போனால் வேண்டாம். கோடை விடுமுறையில் நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பு வைக்கிறார்கள், விதி அவ்வப்போது மாறுகிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மேலே தடை, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும், சாலையோரம் குடிநீர் இயந்திரங்கள் இருக்கின்றன.

ஓசிஐ (வெளிநாடு வாழ் இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தால் கையோடு வைத்திருங்கள். தேசியப் பூங்காக்களில் இந்தியர் கட்டணமே போதும் என்று 2021இல் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. கவுன்ட்டரில் தெரியாமல் வெளிநாட்டவர் கட்டணம் கேட்டால் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். மலையேறும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க: செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளை அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டு வரக் கூடாது. விமான நிலையத்திலேயே வழக்குப் போட்டிருக்கிறார்கள். வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். டிரோனும் வேண்டாம்.

இலங்கை மலையகத்தில் வேர் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா அனுப்பப்பட்டவர்களில் பலருக்கு இங்கேதான் அரசுத் தேயிலைத் தோட்டங்களில், டேன்டீயில், வேலை கொடுத்தார்கள். கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்து லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தில் யாரோ 'இந்தியா போனவர்' என்று மட்டும் நினைவிருந்தால், பெயரையும் அந்தக் காலத்துத் தோட்டத்தின் பெயரையும் பெரியவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். தோட்டப் பெயரைச் சொன்னால் இங்கே ஆள் கண்டுபிடிப்பது எளிது.

இறங்கும் வழி

பைக்காராவிலிருந்து கூடலூர் இறங்கி முதுமலை தெப்பக்காடு போங்கள். அங்கே யானை முகாமுக்குப் பக்கத்திலேயே மாயாறு ஓடுகிறது. உதகையிலிருந்து நேரே இறங்கும் கல்லட்டி வழி குறுக்குதான், ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள், விபத்துகள் அதிகம். வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் உண்டு. பந்திப்பூர் வழியாக மைசூருக்குப் போகிறவர்கள் இரவு 9 முதல் காலை 6 வரை சாலை மூடியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். தெப்பக்காட்டைத் தாண்டி மாயாறு ஆழமான பள்ளத்தாக்குக்குள் போய்விடும். நாம் கூடவே போக முடியாது, காடு. தமிழ்நாட்டில் அருகிப்போன பாறுக் கழுகுகள் கூடு கட்டும் இடம் அது. அதனால் வண்டியைத் திருப்பி உதகை, மேட்டுப்பாளையம் வழியாகப் பவானிசாகர் வந்துவிட வேண்டும்.

1955இல் முடிந்த மண் அணை பவானிசாகர். 2 லட்சம் ஏக்கருக்கு மேல் கீழ்பவானி வாய்க்கால் பாய்கிறது. மேலே பைக்காராவில் பார்த்த தண்ணீரும் அவலாஞ்சியில் பார்த்த தண்ணீரும் இந்த அணையில்தான் சேர்கின்றன. பூங்காவில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு, சத்தியமங்கலம், கோபி வழியாகப் பவானி போங்கள். வழி நெடுக வாய்க்கால் பாசனம் தெரியும். பவானியில் 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்காலின் அணைக்கட்டையும் பார்க்கலாம். அதற்குத் தண்ணீர் கொடுப்பதும் இதே ஆறுதான்.

கூடுதுறையில் சங்கமேஸ்வரர் கோயிலை ஒட்டி முன்னோருக்குத் திதி கொடுப்பார்கள். ஆடி அமாவாசை, ஆடிப்பெருக்கு நாட்களில் கூட்டம் தாங்காது, மற்ற நாளில் காலையில் போனால் நிதானமாகச் செய்யலாம். துணியையும் பிளாஸ்டிக் பையையும் ஆற்றில் விடச் சொன்னால் விடாதீர்கள், கரையில் வைத்துவிட்டு வாருங்கள். ஊருக்குள் கைத்தறியில் நெய்த பவானி ஜமக்காளம் கேட்டு வாங்குங்கள், விசைத்தறிச் சரக்கும் அதே பெயரில் விற்கிறது. ஈரோடு சந்திப்பு அங்கிருந்து சுமார் 15 கி.மீ.; சென்னைக்கு இரவு ரயில்கள் நிறைய உண்டு.